சோளக்காட்டிலிருந்து ஒரு மர விமானம்

கார் எஞ்சின் விமானத்தை இழுக்காது என்று எழுதினார் பத்திரிகை ஆசிரியர். மின்னசோட்டா கிராமத்து மெக்கானிக் அதற்குப் பறந்தே வந்து பதில் சொன்னார்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள ரோச்செஸ்டர் நகரம் மேயோ கிளினிக்கால் வாழ்கிறது. தேசம் தேசமாக நோயாளிகள் வந்து இறங்கும் ஊர். அங்கிருந்து 63-ம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பினால் கொஞ்ச நேரத்திலேயே ஆஸ்பத்திரிக் கட்டடங்கள் மறைந்து மக்காச்சோளம் தொடங்கிவிடுகிறது. சோளம், அடுத்து சோயா, மறுபடி சோளம். நடுவே வெள்ளை வர்ணமடித்த வீடு, சிவப்புக் கொட்டகை, தானியம் கொட்டிவைக்கும் உயரமான உருளைகள். ஸ்பிரிங் வேலி என்ற சிற்றூரைத் தாண்டி உட்சாலையில் தென்கிழக்காகப் போனால் செர்ரி குரோவ் வருகிறது. தனி நகராட்சி என்ற அந்தஸ்துகூட இல்லாத ஊர். சில வீடுகள், சில மரங்கள். கவனிக்காமல் ஓட்டினால் ஊர் பின்னால் போய்விடும்.

ஃபில்மோர் கவுன்ட்டி எனப்படும் இந்த வட்டாரத்துக்கு விசித்திரமான குணம் உண்டு. தரைக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அதை அரித்து அரித்துக் குகைகளாக்கிவிட்டது. வயல் நடுவே திடீரென்று கிணறு போல் பள்ளம் தெரியும்; உள்ளே மரம் முளைத்திருக்கும். அருகிலேயே 'மிஸ்டரி கேவ்' என்ற மைல் கணக்கில் நீளும் குகை. அதை ஒட்டி ஃபாரெஸ்ட்வில் என்ற ஊர். ரயில் பாதை வேறு வழியில் போய்விட்டதால் தேய்ந்துபோய் இப்போது காட்சிப்பொருளாக நிற்கிறது. கிழக்கே ஹார்மனி பக்கம் போனால் ஆமிஷ் மக்கள். கார் வைத்துக்கொள்ளாமல், குதிரை வண்டியில் போய்வந்து, கையால் மரச்சாமான் செய்து விற்கிறவர்கள். மரமும் கையும் போதும் என்று நினைக்கும் மண் இது.

1901-ல் பிறந்த பெர்னார்ட் பீட்டன்போலும் அப்படித்தான் நினைத்தார். ஒரே வித்தியாசம், அவருக்குப் பறக்க வேண்டியிருந்தது.

செர்ரி குரோவில் அவருடைய பட்டறை இருந்த கட்டடம் 1981 முதல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பதிவேட்டில் இருக்கிறது. லிங்கன் மெமோரியல் இருக்கும் அதே பதிவேடு. பார்க்கப் போகிறவர்கள் ஏமாறலாம். டிராக்டர் பழுதுபார்க்கிற இடம் என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் இங்கிருந்து புறப்பட்ட வரைபடங்களை வைத்து பிரிட்டனிலும் நியூஸிலாந்திலும் கார் ஷெட்டுகளில் இன்றும் விமானம் செய்கிறார்கள். இரண்டு பேர் உட்காரும் மர விமானம். பெயர் 'ஏர் கேம்ப்பர்'.

பீட்டன்போல் எஞ்சினியரிங் படித்தவர் அல்ல. எஞ்சினைக் கழற்றி மாட்டித் தொழில் கற்றவர். முதல் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் வேண்டாம் என்று தள்ளிய விமானங்கள் சல்லிசாக விற்பனைக்கு வந்தன. அவற்றை வாங்கிய பைலட்டுகள் ஊர் ஊராகப் பறந்துவந்து, வயலில் இறக்கி, சில டாலர்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிக் காட்டினார்கள். அந்த வித்தையைப் பார்த்துவிட்டு வீட்டில் தூக்கம் வராத பையன்கள் பலர். ஆனால் 1920-களின் இறுதியில் போர்க்கால எஞ்சின்கள் தேய்ந்துகொண்டிருந்தன. புதிய விமான எஞ்சின் வாங்குவதோ கிராமத்து மெக்கானிக்கின் கனவிலும் நடக்காது.

எனவே பீட்டன்போல் கணக்கைத் தலைகீழாகப் போட்டார். நல்ல விமானத்தை வடிவமைத்துவிட்டு அதற்கேற்ற எஞ்சினைத் தேடுவது கம்பெனிகளின் வழி. அவர் தன் ஊரில் என்ன கிடைக்கும் என்று முதலில் பார்த்தார். மரக்கடையில் பலகை கிடைக்கும். ஜவுளிக்கடையில் பருத்தித் துணி கிடைக்கும். கொல்லனிடம் இரும்புத் தகடு கிடைக்கும். எஞ்சினுக்கு ஃபோர்டு இருந்தார்.

ஹென்றி ஃபோர்டின் கம்பெனி 1927 டிசம்பரில் 'மாடல் ஏ' காரை அறிமுகப்படுத்தியது. சுமார் நான்கு ஆண்டுகளில் 48 லட்சம் கார்கள் விற்றன. நான்கு சிலிண்டர், 40 குதிரைசக்தி. மோதி நொறுங்கிய கார்களிலிருந்து எஞ்சினைக் கழற்றி எடுக்கலாம். உதிரிபாகம் எந்தக் குக்கிராமத்திலும் கிடைக்கும். பீட்டன்போல் 1928-ல் 'ஏஸ்' என்ற நான்கு சிலிண்டர் எஞ்சினை வைத்து முதல் இரட்டை இருக்கை விமானத்தைப் பறக்கவிட்டிருந்தார். 1929-ல் அதே வகை விமானத்தில் மாடல் ஏ எஞ்சின் ஏறியது.

சொல்வது சுலபம். அந்த எஞ்சின் சுமார் 110 கிலோ. சில ஆண்டுகளுக்குப் பிறகு வந்த கான்டினென்டல் ஏ-65 என்ற விமான எஞ்சின் 80 கிலோவுக்குள் 65 குதிரைசக்தி தந்தது. அதோடு ஒப்பிட்டால் ஃபோர்டு எஞ்சின் கருங்கல். காரில் அது ஓய்வெடுத்து ஓய்வெடுத்து ஓடும். விமானத்தில் புறப்பட்டதிலிருந்து இறங்கும்வரை மூச்சுவிடாமல் உழைக்க வேண்டும். பீட்டன்போல் எஞ்சினைப் பின்பக்கம் முன்பக்கமாகத் திருப்பினார். கனமான ஃப்ளைவீலைக் கழற்றி வீசிவிட்டு அந்த முனையில் மரப் ப்ரொப்பல்லரைப் பொருத்தினார். பேட்டரியும் டிஸ்ட்ரிபியூட்டரும் இருந்த இடத்துக்கு மேக்னெட்டோ வந்தது. பேட்டரியே வேண்டாம், ப்ரொப்பல்லரைக் கையால் சுற்றிவிட்டால் தீப்பொறி பிறக்கும். தண்ணீர் குளிர்விக்கும் எஞ்சின் என்பதால் ரேடியேட்டரும் கூடவே பறக்க வேண்டும். அதை எஞ்சினுக்குப் பின்னால் நட்டமாக நிறுத்தினார். விளைவு, பைலட்டின் கண்ணுக்கு நேர் எதிரே கதவு போல் ரேடியேட்டர். தலையை இடமும் வலமும் நீட்டித்தான் வழி பார்க்க வேண்டும். ஏர் கேம்ப்பர் ஓட்டுகிறவர்கள் இதைக் குறையாகச் சொல்வதில்லை என்பது ஆச்சரியம். குளிர்காலத்தில் கதகதப்பாக இருக்கிறதாம்.

வட இந்தியக் கிராமங்களில் பம்ப்செட் எஞ்சினைச் சட்டத்தில் பூட்டி, சக்கரம் மாட்டி ஓட்டும் 'ஜுகாட்' வண்டியைப் பார்த்தவர்களுக்கு இந்த மூளை அந்நியமாகத் தோன்றாது. ஆனால் ஜுகாட் நின்றுபோனால் இறங்கித் தள்ளலாம்.

அந்தக் கவலைதான் வெஸ்டன் ஃபார்மருக்கும். மினியாபொலிஸ் நகரத்தை ஒட்டிய ராபின்ஸ்டேலிலிருந்து ஃபாசெட் கம்பெனி வெளியிட்ட 'மாடர்ன் மெக்கானிக்ஸ்' பத்திரிகையின் ஆசிரியர் அவர். கை வேலை தெரிந்த இளைஞர்கள் விழுந்து விழுந்து படித்த பத்திரிகை. கார் எஞ்சினைக் கொண்டு விமானம் ஓட்டுவது நடக்காத காரியம் என்று அவர் எழுதினார். அபாண்டமான கருத்தல்ல. கார் எஞ்சின் வைத்த விமானங்கள் பல, ஓடுபாதையின் கடைசி வரை ஓடிவிட்டு வேலியில் போய் முட்டிய காலம் அது.

செர்ரி குரோவில் இதைப் படித்த பீட்டன்போல் மறுப்புக் கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1930-ல் அவரும் நண்பரும் ஆளுக்கொரு ஃபோர்டு எஞ்சின் விமானத்தில் ஏறி, சுமார் 110 மைல் வடக்கே பறந்து ராபின்ஸ்டேலில் இறங்கினார்கள். ஒரு விமானம் வந்திருந்தால் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாம். இரண்டு வந்து நின்றால் ஆசிரியர் என்ன செய்ய முடியும்? நல்ல பத்திரிகையாளர் செய்வதைத்தான் ஃபார்மர் செய்தார். வரைபடம் கேட்டார்.

1932-ல் அந்த நிறுவனத்தின் 'ஃப்ளையிங் அண்ட் கிளைடர் மேனுவல்' ஏர் கேம்ப்பரின் வரைபடங்களையும் செய்முறையையும் வெளியிட்டது. பொருளாதார மந்தத்தால் ஊரெங்கும் வேலை போய்க்கொண்டிருந்த நேரம். கையில் பணமில்லாமல், நேரம் மட்டும் நிறைய வைத்திருந்த தலைமுறைக்கு அந்தப் புத்தகம் கிடைத்தது. பீட்டன்போலோடு வேலை செய்த ஆரின் ஹூப்மன் சில திருத்தங்களோடு முழு அளவில் வரைந்த படங்கள் அதற்கடுத்து வந்தன. இன்றும் விற்பனையாவது பெரும்பாலும் அவைதான். ஃபோர்டின் பழைய 'மாடல் டி' எஞ்சின் மட்டுமே வாங்க முடிந்த ஏழைகளுக்காக 'ஸ்கை ஸ்கௌட்' என்ற ஒற்றை இருக்கை விமானத்தையும் பீட்டன்போல் வடிவமைத்தார்.

அந்த வரைபடங்களை விரித்துப் பார்த்தால் முதலில் தெரிவது, இது ஒரு தச்சன் வரைந்த விமானம் என்பது. நீளம் 17 அடி 8 அங்குலம். இறக்கை ஏறத்தாழ 29 அடி. உடலுக்கு மேலே குடை பிடித்தாற்போல் கம்பங்களில் நிற்கும். காலி எடை 280 கிலோ அளவில். முன்னால் பயணி, பின்னால் பைலட், இருவர் தலைக்கும் கூரை கிடையாது. வேகம் மணிக்கு 75, 80 மைல். இறக்கையின் வளைவுகூடப் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்ததல்ல. செய்து பறந்து, பிடிக்காமல் மாற்றி, மறுபடி பறந்து பீட்டன்போல் கண்டுகொண்ட வளைவு.

செய்கிறவர்கள் பெரும்பாலும் இறக்கையின் விலாச்சட்டத்தில்தான் கை வைக்கிறார்கள். ஒரு பலகையில் விலாவின் வடிவத்தை வரைந்து, கோட்டின் இருபுறமும் சின்னச்சின்ன மரத்துண்டுகளை ஆணியடித்து அச்சு செய்துகொள்ள வேண்டும். சுண்டுவிரல் பருமனுக்கும் குறைவான ஸ்ப்ரூஸ் குச்சிகளை அதில் அடக்கி, சந்திப்புகளில் ப்ளைவுட் சில்லுகளை ஒட்ட வேண்டும். பசை காயும்வரை அச்சை விட்டு எடுக்கக் கூடாது. ஆகவே ஒரு ராத்திரிக்கு ஒரு விலா. சுமார் முப்பது விலா தேவை. ஆபீசிலிருந்து வந்து, சாப்பிட்டு, குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு ஷெட்டுக்குப் போகிறவருக்கு அது ஒரு மாத வேலை. முப்பதாவது விலா முடிந்தபோது சுவரில் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்து மலைத்து, மேற்கொண்டு தொடாதவர்களும் உண்டு. அமெரிக்காவின் பரண்களில் விலாக்களோடு நின்றுபோன விமானங்கள் எத்தனையோ.

நின்றுபோகாதவர்கள் அடுத்து மரம் தேடி அலைகிறார்கள். இறக்கையின் முழு பாரத்தையும் தாங்கும் உத்தரங்கள் ஒரு அங்குல கனமுள்ள நெடும் பலகைகள். பசிபிக் கரையோரம் வளரும் சிட்கா ஸ்ப்ரூஸ் மரம் இதற்கென்றே பிறந்தது போல. எடை குறைவு, இழை நேர். விமானத்துக்கான மரத்தில் ஒரு அங்குலத்துக்குக் குறைந்தது ஆறு வளையக் கோடுகள் எண்ண முடிய வேண்டும். 15 அங்குல நீளத்துக்குள் இழை ஒரு அங்குலத்துக்கு மேல் சாயக் கூடாது. முடிச்சு, பிசின் கோடு இருந்தால் தள்ளுபடி. கிடைக்காதவர்கள் கொஞ்சம் எடை கூடினாலும் பரவாயில்லை என்று டக்ளஸ் ஃபர் மரத்துக்குப் போகிறார்கள்.

விமானத்தின் உடல் இன்னும் எளிது. இரண்டு பக்கச் சட்டங்களையும் மேஜை மேல் படுக்கவைத்துச் செய்து, நிறுத்தி, குறுக்குக் கட்டைகளால் இணைத்தால் பெட்டி போல் நிற்கும். அன்று ஒட்டியது கேசின் பசையால். பால் புரதத்திலிருந்து எடுப்பது. மாட்டுப் பண்ணைகளுக்குப் பெயர்போன வட்டாரத்தில் பொருத்தமான பசைதான். ஆனால் ஈரம் பட்டால் அதற்குப் பூஞ்சை பிடிக்கும், பிடிப்பு தளரும். இப்போது எல்லோரும் எபாக்ஸிக்கு மாறிவிட்டார்கள். மேலே துணியை இழுத்துப் போர்த்தி, அது முரசுத் தோல் போல் விறைக்கும் வரை பூச்சு மேல் பூச்சாகப் பூச வேண்டும். துணி போர்த்திய பிறகு உள்ளே இருக்கும் தப்பு யார் கண்ணுக்கும் படாது. அதனால் போர்த்துமுன் விவரம் தெரிந்த ஒருவரை அழைத்து ஒவ்வொரு மூட்டையும் தட்டிக் காட்டுவது வழக்கம். செய்கிறவரின் மனைவியும் அந்த நேரத்தில் கூட நின்று பார்ப்பதில் ஆச்சரியமில்லை. முன் இருக்கை அவருக்குத்தானே.

இந்தப் பயம் கற்பனையல்ல. அதே 1930-களில் பிரான்ஸில் ஆன்ரி மின்யே என்பவர் 'பறக்கும் உண்ணி' என்ற குட்டி மர விமானத்தை வடிவமைத்தார். பெட்டி செய்யத் தெரிந்தவன் இதையும் செய்யலாம் என்பது பிரசாரம். பிரான்ஸும் பிரிட்டனும் பைத்தியமாகின. பிறகு ஒவ்வொருவராகச் செத்தார்கள். விமானத்தின் மூக்கு ஓர் அளவுக்கு மேல் கீழே சாய்ந்தால் முன்னும் பின்னுமிருந்த இறக்கைகள் ஒன்றின் காற்றை ஒன்று கெடுத்து, மறுபடி நிமிர முடியாமல் போயிற்று. காற்றுச் சுரங்கச் சோதனைக்குப் பிறகே காரணம் புரிந்தது. பறக்கத் தடை வந்தது. அந்த விமானத்தைச் செய்தவர்கள் வேலையில் பிழைவிட்டவர்கள் அல்ல. வரைபடத்தை நம்பியவர்கள்.

ஏர் கேம்ப்பருக்கு அந்த கதி நேரவில்லை. பீட்டன்போலின் பழைமைவாதம் ஒரு காரணம். புதுமை எதையும் அவர் முயலவில்லை. அன்று எல்லோரும் அறிந்த வடிவம், அறிந்த வால், அறிந்த கம்பிக் கட்டு. துணிச்சலையெல்லாம் எஞ்சினில் மட்டும் வைத்துக்கொண்டார். அந்த எஞ்சின் காலை வாரியதும் உண்டு. மாடல் ஏ-யின் க்ராங்க்‌ஷாஃப்ட் ப்ரொப்பல்லரின் இழுப்பைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல, நடுவானில் உடைந்திருக்கிறது. அப்போது மெதுவாகப் பறக்கும் லேசான விமானமும் கீழே பரந்த வயலும்தான் துணை. செர்ரி குரோவில் வயல் இருந்தது. நியூயார்க்கில் செய்திருந்தால் கதை வேறு.

சட்டமும் பயந்தது. 1930-களில் மாநிலங்கள் ஒவ்வொன்றாக, அரசு உரிமம் பெறாத விமானம் பறக்கக் கூடாது என்று விதி போட்டன. வீட்டில் செய்த விமானத்துக்கு உரிமம் கிடைக்காது. ஆரெகன் போன்ற ஓரிரு இடங்கள் தவிர மற்ற இடங்களில் ஏர் கேம்ப்பர்கள் கொட்டகைக்குள் போயின. கோழி அடையும் இடமாயின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் சொந்தமாகச் செய்கிறவர்களுக்கென்று மத்திய அரசு தனிப் பிரிவை ஏற்படுத்தியது. 1953-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கியில் பால் பொபெரஸ்னி தொடங்கிய இஏஏ சங்கம் அவர்களை ஒன்று சேர்த்தது. பெரும் பங்கு வேலையைச் செய்தவர் தானே செய்திருக்க வேண்டும். விமானத்தில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்று எழுத வேண்டும். ஆரம்பத்தில் வழக்கமாக 40 மணி நேரமாவது தனியாகப் பறந்து காட்டிய பிறகே இன்னொருவரை ஏற்றலாம். அரசு சொல்வது சுருக்கமாக: உன் உயிரை முதலில் வை.

பழைய வரைபடங்களை மறுபடி அச்சடித்தார்கள். பீட்டன்போல் அதற்குள் ரேடியோவும் டிவியும் பழுதுபார்க்கிறவராகிவிட்டிருந்தார். பறப்பதை விடவில்லை. 1959-ல் ஷெவர்லே கம்பெனி 'கார்வேர்' என்ற காரைக் கொண்டுவந்தது. காற்றே குளிர்விக்கும் ஆறு சிலிண்டர் அலுமினிய எஞ்சின். பீட்டன்போலுக்கு அப்போது வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. கண்ணெதிரே நின்ற ரேடியேட்டருக்கு விடைகொடுக்க நேரம் வந்துவிட்டதைக் கண்டுகொண்டு, அந்த எஞ்சினை ஏர் கேம்ப்பரில் ஏற்றினார். விமானத்தின் உடலைச் சற்று நீட்டி அதற்கென வரைபடத்தையும் திருத்தினார். முப்பது ஆண்டு இடைவெளியில் இரண்டாவது முறையாக அவர் ஒரு கார் எஞ்சினை வானத்துக்கு அழைத்துப்போனார். கார் தோற்று மறைந்தது. எஞ்சின் இன்னும் பறக்கிறது. 1984-ல் பீட்டன்போல் காலமானார். வரைபடத்தைக் குடும்பத்தார் தொடர்ந்து விற்றுவருகிறார்கள்.

செர்ரி குரோவில் இன்று விமானம் எதுவும் நிற்பதில்லை. அவருடைய ஹேங்கரைக் கழற்றி விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் நகரில், இஏஏ அருங்காட்சியகத்தின் பின்னால் உள்ள 'பயனியர் ஏர்போர்ட்'டில் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். கொட்டகை போனாலும் ஊர்ப்பெயர் அதன் கதையோடு போயிருக்கிறது.

ஏர் கேம்ப்பரை உயிரோடு பார்க்க வேண்டுமானால் அதே மாநிலத்தின் தெற்குக் கோடியில் இருக்கும் பிராட்ஹெட் ஊருக்கு ஜூலையில் போக வேண்டும். ஆஷ்காஷில் பிரம்மாண்டமான விமானத் திருவிழா தொடங்குவதற்குச் சில நாள் முன்பு இங்கே பீட்டன்போல் கூட்டம் கூடுகிறது. புல் ஓடுபாதை. சுற்றிலும் சோளம். ஒன்றுபோல் ஒன்று இல்லாத ஏர் கேம்ப்பர்கள். ஒன்றில் ஃபோர்டு, ஒன்றில் கார்வேர், ஒன்றில் நிஜமான விமான எஞ்சின். சிலவற்றில் இறக்கை இரண்டு மூன்று அங்குலம் பின்னால் சாய்ந்திருக்கும். பைலட் கனமான ஆள் என்று அர்த்தம். எடை சமன்பட வேண்டுமே. செய்தவர்கள் ஒருவர் விமானத்துக்குள் ஒருவர் தலையை நுழைத்து மூட்டுகளைப் பார்க்கிறார்கள். பாராட்டு குறைவு, கேள்வி அதிகம். பாதி முடித்தவர்கள் இஞ்ச் டேப்போடு வந்து அளந்து குறித்துக்கொள்கிறார்கள்.

சாயங்காலம் காற்று அடங்கியதும் பறக்கத் தொடங்குகிறார்கள். முன் இருக்கையில் ஏறுவது ஒரு சர்க்கஸ். இறக்கையைத் தாங்கும் கம்பங்களுக்கும் குறுக்குக் கம்பிகளுக்கும் நடுவே ஒரு காலை நுழைத்து, உடம்பை மடக்கி, அடுத்த காலை இழுத்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்ததும் பின்னாலிருப்பவர் சுவிட்சைப் பற்றிக் குரல் கொடுப்பார். முன்னால் நிற்பவர் அதையே திருப்பிச் சொல்லிவிட்டு, ப்ரொப்பல்லரை இரண்டு கையாலும் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துவிட்டுப் பின்வாங்குவார். முதல் தடவை ஒன்றும் நடக்காது. இரண்டாவது தடவை ஒரு இருமல், கொஞ்சம் புகை. மூன்றாவதில் பழைய ஃபோர்டு காரின் அதே சத்தத்தோடு எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. புல்லில் ஆடி ஆடி ஓடி, சோளத்தின் நுனிக்குச் சற்று மேலே எழும்பி, பிறகு அவசரமேயில்லாமல் அது திரும்புகிறது.